நெயாம் ஆக்கள்

இத்தாலியில், லிபெர்த்தா வீதியில் ஐந்தாம் மாடி. படுக்கையோடு கிடக்கும் வீட்டுக்கார அம்மா சின்யோராவுக்கு இரவும் பகலும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பத்மநாதன். படுப்பதும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். தாலி கட்டினவன்கூட இப்படிக் கட்டுண்டு கிடக்கமாட்டான்.

வெளியே ஒரு கட்டில் கிடைத்தால் பகல் வேலைக்கு மட்டும் வந்து போகலாம். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் பேரின்பநாயகம் எடுத்திருந்த வீட்டில் ஒன்று காலியாக இருந்தது. ஆனால் படி ஏற விடுமுன் அந்த மனுசன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "தம்பி ஆற்றை ஆக்கள்?" யாழ்ப்பாணத்தில் அதற்குச் சாதி என்ன என்று அர்த்தம். கடல் தாண்டியும் அர்த்தம் மாறவில்லை. உண்மையைச் சொன்னால் கட்டில் இல்லை என்று பத்மநாதனுக்குத் தெரியும்.

சமைக்க வருகிற ருமேனியாக்காரி வியோரிக்கா ஒருநாள் கிழங்கு உரித்தபடி அரைகுறை இத்தாலியனில் கேட்டாள்: "உன்ரை நெயாம் என்ன?" நெயாம் அவளுடைய மொழிச் சொல். சொந்தம், வம்சம் என்று விளக்கத் தடுமாறினாள். இவனுக்கு முகம் கறுத்தது.

"நீயும் சாதி கேக்கிறியோ?"

"செத்த ஆக்கள், இருக்கிற ஆக்கள், இனிப் பிறக்கிற ஆக்கள், எல்லாம் நெயாம். எங்கடை முழுச் சனத்துக்கும் அதுதான் பேர்."

"அப்ப ஆரும் வெளியிலை இல்லையோ?"

"கலியாணம் பேசேக்கை இருக்கினம். நல்ல நெயாமோ, கூடாத நெயாமோ எண்டு என்ரை அம்மாவும் விசாரிச்சவதான்."

ஞாயிற்றுக்கிழமை வியோரிக்காவைச் சின்யோராவோடு இருத்திவிட்டுப் போனான். பேரின்பநாயகம் வாசலிலேயே கேட்டார். பத்மநாதனின் வாய் தன்பாட்டில் சொன்னது:

"நெயாம் ஆக்கள், அண்ணை."

தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "ஓ, அவையோ. ஊரிலை தீவுப் பக்கம் எல்லே?"

"ஓம்."

"நல்ல ஆக்கள். வாரும் உள்ளுக்கு."

கட்டில் யன்னலோரம். பத்மநாதன் மெத்தையில் உட்கார்ந்தும் பார்த்துவிட்டான்.

"என்ரை மனிசியும் தீவுதான். வாற கிழமை ஊரிலையிருந்து வாறா. உம்மடை ஆக்களை அவவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

பத்மநாதன் எழும்பினான். "சின்யோராவுக்கு வருத்தம் கடுமை, அண்ணை. விட்டிட்டு வரேலாது."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி."

ஐந்து மாடியும் ஏறி வந்தவனுக்கு வியோரிக்கா கதவைத் திறந்தாள். "கட்டில் கிடைச்சதோ?"

"கிடைச்சது. எனக்கில்லை, நெயாம் ஆக்களுக்கு."

அவளுக்கு விளங்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவன் சப்பாத்தைக் கழற்றினான்.