மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை

சுவீடன்ல எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். டீச்சர், டாக்டர், மேல்வீட்டுக் கிழவர், யாரா இருந்தாலும் வெறும் பேர்தான். மொழி வகுப்புல எங்க டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஆறு மாசம் ஆச்சு. இலங்கையில, ரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல, வாத்தியார் செருப்புச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு நின்னவ நான். சுவீடன்லயே பொறந்த என் மகளுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல.

பிள்ளைங்களை அடிக்கவும் கூடாது அங்க. சட்டமே இருக்கு. அடிக்காம எப்படிங்க வளக்கிறதுன்னு வகுப்புல சிரிச்சேன். ஒருநாள் பாலைக் கொட்டினதுக்கு மகளை ஒரு அறை விட்டுட்டேன். அவ நர்சரியில போய்ச் சொல்லிட்டா. அங்க இருந்த டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளுங்கன்னாங்க. பெத்த பிள்ளைகிட்டயா! ரெண்டு நாள் வீம்பா இருந்தேன். ஆனா தலை சீவ நான் கையைத் தூக்கினாக்கூட அவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. அதை என்னால தாங்க முடியல. மூணாம் நாள் மன்னிப்புக் கேட்டேன், சுவீடிஷ்ல. தமிழ்ல கேக்க வாய் வரல. இனிமே யாரையும் உன்னை அடிக்க விடமாட்டேன்னும் சொன்னேன்.

இலங்கையில சண்டை ஓய்ஞ்சிருந்த ஒரு வருஷம் ஊருக்கு வந்தோம். அவளுக்கு ஆறு வயசு. அண்ணன் வாசல்ல தோட்டத்து ஆளுங்களோட பேசிக்கிட்டிருந்தாரு. தேத்தண்ணி ஆறுது, கூப்பிட்டு வாம்மான்னு அண்ணி இவளை அனுப்பினாங்க. இவ போய், அத்தனை பேர் முன்னாடி, அண்ணன் பேரைச் சத்தமாச் சொல்லி, தேத்தண்ணி குடிக்க வாங்கன்னா. மரியாதையாத்தான் கூப்பிட்டா, பாவம்.

யாரோ சிரிச்சாங்க. அண்ணனுக்கு வந்துச்சே கோவம், வாய்க்கொழுப்பான்னு கையை ஓங்கிட்டாரு. அந்தக் கை எனக்குத் தெரியும். அப்பா இல்லாத வீட்ல நான் சோறும் அடியும் வாங்கினது அந்தக் கையிலதான். மகள் கண்ணை மூடிக்கிட்டா.

ஓடிப்போய் அந்தக் கையைப் பிடிச்சேன்.

"விடு. உன் சுவீடன் சட்டமெல்லாம் இங்க செல்லாது."

"சட்டம் அங்கயே கெடக்கட்டும்ணே. நான் இங்க இருக்கேன்ல."

அண்ணன் கையை உதறிட்டு நின்னாரு. மாமாவை மாமான்னுதான் கூப்பிடணும்னு பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்காதது யாரு? நான். மகள் முன்னால முட்டி போட்டு உக்காந்தேன்.

"அம்மா சொல்லித் தரல. தப்பு என் மேலதான். மன்னிச்சிரும்மா."

தமிழ்லதான் சொன்னேன். அண்ணனுக்கும் கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன்.