துணி மூடிய விசைப்பலகை

வாடிக்கையாளரின் ஆட்டுத்தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வெறும் மேசையை ஒவ்வொரு விரலாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள் ஜூரா. "இது தடிச்ச கை. பொத்தானெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். வாங்குகிறவரின் கையைப் பழகாமல் அவள் கம்பி பற்றவைக்க ஈயம் உருக்கியதே இல்லை. பிஷ்கெக் கைப்பேசிச் சந்தையில் அடுத்த கடைக்காரன் மிர்லானுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வராதா பின்னே? அவன் கடைக்கு மின்னுகிற பெயர்ப்பலகை, புத்தம்புதுக் கருவிகள். அவளுக்கு ஒரு கால் ஆடுகிற நாற்காலி. கூட்டம் என்னவோ அவளிடம்தான். அந்தக் கையுறைக்குச் சொந்தக்காரி ஐனுராகூட முதலில் மிர்லானிடம்தான் வந்தாள். கோக்-போரு குதிரை ஆட்டத்தைப் பனியில் நின்றபடியே எழுதி அனுப்புகிற செய்தியாளர். "கையுறையைக் கழட்டிட்டு போன்லயே அடிங்க" என்று இவன் அனுப்பிவிட்டான். ஜூராவோ, கழுத்தில் தொங்கவிடுகிற மாதிரி உள்ளங்கையளவு விசைப்பலகை ஒன்றைச் செய்ய உட்கார்ந்துவிட்டாள். போனோடு கம்பியில்லாமல் பேசுகிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை, தட்டையாக ஒரு பேட்டரி, பெரிய பெரிய பொத்தான்கள், அவ்வளவுதான். இது நமக்கு ஏன் தோன்றவில்லை என்று மிர்லானுக்கு வயிறு எரிந்தது.

வேலை முடியும்வரை அதைப் பூப்போட்ட தலைத்துணியால் மூடியே வைப்பாள். புதுப் பொருளை முதலில் பார்க்கிறவர் காணிக்கையாக ஏதாவது வைக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம், அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "பாத்துட்டியா? வை!" குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டையோ ஆப்பிளோ வாங்காமல் விடமாட்டாள். மிர்லான் இதுவரை எதுவும் வைத்ததில்லை. அவன்தான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லையே! தன் மேசையில் ஒரு செத்த போனைச் சாய்த்து வைத்து, அதன் கறுப்புத் திரையில் தெரிகிற ஜூராவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அன்று மதியம் ஐனுரா வரவேண்டும், மறுநாள் ஆட்டம்.

"தம்பி, பேட்டரியைச் சோதிக்கணும், காலைல என்கிட்ட வாங்கிட்டுப் போன மீட்டரைக் குடேன்" என்றாள் ஜூரா.

"வேலை முடியலக்கா." மீட்டர் சும்மாதான் கிடந்தது.

"சரி விடு, புது பேட்டரிதானே" என்று அவள் துணியை விலக்கினாள்.

கறுப்புத் திரையில் மிர்லானுக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரியின் சிவப்புக் கம்பி மைனஸ் பக்கம் போகிறது. சில பேட்டரிகளுக்குக் கம்பி இப்படி மாறி வரும். அப்படியே சொருகினால் பலகை புகைந்து போகும். வேறு பலகை வர ஒரு மாதமாவது ஆகும். எரியட்டும் என்று நினைத்தான். நன்றாக எரியட்டும், ஐனுரா என்னிடமே திரும்பி வரட்டும்.

"அக்கா, சொருகாதீங்க! சிவப்பு மைனஸ்ல போகுது!"

கத்திய பிறகுதான் அது தன் குரல் என்றே அவனுக்கு உறைத்தது. ஜூராவின் கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தாள், பேட்டரியைத் தள்ளி வைத்தாள். எழுந்து அவன் கடைக்கு வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"பாத்துட்டல்ல? வை!"

யாரையும் தொடவிடாத தன் மெல்லிய இடுக்கியை எடுத்து அந்தக் கையில் வைத்தான் மிர்லான். வைத்தபோதும் வயிற்றெரிச்சல் குறைந்தபாடில்லை. மீட்டரை அவளே எடுத்துக்கொண்டாள். போகிற போக்கில், மேசையில் சாய்ந்திருந்த செத்த போனை, தன் கடை இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி லேசாகத் திருப்பி வைத்தாள்.