ரெக்கார்டு பிளேயரின் மூன்றாவது ஒயர்

அத்தை லீவுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அப்போது நான் நான்காம் வகுப்பு. படிப்பு முடித்துக் கல்யாணமும் ஆனவளுக்கு ஏது லீவு என்று கேட்டேன், அம்மா பேச்சை மாற்றினாள். அப்பாவின் தங்கையான அவள், சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சேலை ஒரே ஒரு பைதான். மற்றதெல்லாம் ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு பெட்டி இசைத்தட்டுகள். மாமாவுக்குச் சிதம்பரத்தில் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கும் கடை. அத்தைக்காக இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக் கொடுத்தவர் அவர். அவர் மட்டும் வரவில்லை.

அன்று சாயங்காலமே அத்தை தட்டைச் சுழலவிட்டாள். பாட்டோடு சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. பாட்டு முடிந்த பிறகும் அது முடியவில்லை. அப்பா ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்ப்பவர். கரண்டு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியவர். முதலில் ஃபிரிட்ஜை நிறுத்தினார். பிறகு ஃபேனை நிறுத்தினார். பிளக்கை வீட்டிலுள்ள எல்லா இடத்திலும் செருகிப் பார்த்தார். ஃபிரிட்ஜில் இருந்த மாவு புளித்ததுதான் மிச்சம். ரெக்கார்டு பிளேயரின் பின்னால் மெல்லிய பச்சை ஒயர் ஒன்று தொங்கியது. இரண்டு ஒயரிலேயே பாட்டு வருகிறதே, மூன்றாவது எதற்கு என்று அதைச் சுருட்டி அடியில் வைத்தவரும் அவர்தான்.

“எங்க வீட்ல இந்தச் சத்தம் வராது” என்றாள் அத்தை. அதைக் கேட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சிரிக்க அதில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான்காம் நாள் அப்பா மாமாவுக்குப் போன் போட்டு, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தார். வெறும் இரைச்சலை மாமா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வந்துதான் பார்க்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். பச்சை ஒயரை வெளியே இழுத்து, ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் இருந்த திருகில் மாட்டி, குறட்டால் இறுக்கினார். இரைச்சல் அறுந்தது. இதுதான் எர்த் ஒயர் என்று எனக்கு மட்டும் விளக்கினார். அத்தை அடுப்படியை விட்டு வரவில்லை. சாப்பிட்டுவிட்டு மாமா பஸ் ஏறினார்.

புதன்கிழமை மறுபடியும் இரைந்தது. அப்பா குறட்டோடு உட்கார்ந்தார். “நீ தொடாத அண்ணா. அவுரே வந்து பாக்கட்டும்” என்றாள் அத்தை. மாமா வந்தார், இறுக்கினார். இந்த முறை அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டது. வீட்டுக்கு வந்தால், அத்தை ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் குந்தி, குறட்டால் அந்தத் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தூசி துடைப்பதாகச் சொன்னாள். இரைச்சலைப் பற்றி அதிகம் புலம்புகிறவள் அவள். அதை வரவழைப்பவளும் அவளே என்றால்? பாவம் மாமா, வாராவாரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார். இரண்டு நாள் பொறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா மண்டியிட்டு ஒயரைத் தேடும்போது சொல்லிவிட்டேன். “மாமா, அத்தைதான் அத கழட்டி வுடுறாங்க. நான் பாத்தேன்.”

இரைச்சல் மட்டும் கேட்டது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு வாங்கியது அதுதான் முதல் தடவை. அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அத்தை தரையைப் பார்த்து நின்றாள்.

மாமா ஒயரைத் திருகில் மாட்டினார். பிறகு சொன்னார். “இந்தத் திருகு அப்படித்தான் பாப்பா. தன்னால லூஸ் ஆவும். அடுத்த வாரமும் வந்து பாக்குறேன்.”

அத்தை பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அத்தை சிதம்பரத்துக்கே திரும்பிப் போனாள். ஆனால் அத்தையைக் காட்டிக்கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கவனித்தது வேறு. குறடு காலடியிலேயே கிடந்தும் மாமா அதை எடுக்கவில்லை. இரண்டு விரலால் திருகை லேசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எழுந்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்து இப்படி அரைகுறையாகச் செய்கிறாரே, மாமாவுக்கு வேலையே ஒழுங்காகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.