யூட்டின் காரில் நான் கட்டிய செபமாலை

யூட் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் பிறம்ரன் நகரில் ஒரு கிடங்கு வாசலில் லொறியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவனுடைய தங்கை றெஜினா. "சிவா அண்ணை, அண்ணா போயிட்டார். காலமை ஆறு மணிக்கு. அம்மா உங்களைத்தான் கேக்கிறா" என்றாள். லொறி கோணலாக, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். லொறியைப் பின்னுக்கு எடுக்கிற விஷயத்தில் யூட் என்னை இருபது வருஷம் பழித்தவன். அன்றைக்குப் பார்த்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பான்.

உங்களில் பலருக்கு அவனை மூன்று தடவை சாம்பியனான ஸ்ரொக் கார் பந்தய ஓட்டுநராகத்தான் தெரியும். பேப்பரில் படம் வந்தது, மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள், எங்கள் சனம் கூடியிருக்கிற மல்வேர்னில் அவனோடு நின்று படம் பிடிக்காத ஆள் இல்லை. நான் எழுத வந்தது அதற்கு முந்திய இரண்டு வருஷங்களைப் பற்றி. அப்போது அவனை யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் ஒரு பெரிய பிழை நடந்தது. பிழை என்னுடையது. அவன் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். இதை மறைத்துவிட்டு அவனை நல்லவன், வல்லவன் என்று எழுதினால் என் கை அழுகிப்போகும்.

நாங்கள் இருவரும் ஒரே கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிப்ற் ஓட்டினோம். ஒரே வயது. அவன் மன்னார், நான் யாழ்ப்பாணம்; அவன் மாதாவைக் கும்பிடுகிறவன், நான் பிள்ளையாரை. வேலை முடிந்தால் மல்வேர்னுக்கு ஒரே பஸ். ஒருநாள் அவன் மடியில் ஒரு ஸ்ரியறிங் சில்லை வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தான். பழைய பந்தயக் கார் ஒன்றை வாங்கிப் பிறம்ரனில் ஒரு வளவுக்குள் விட்டிருக்கிறானாம். பந்தயக் காரில் அந்தச் சில்லைக் கழற்றலாம். கழற்றிக் கையோடு கொண்டுவந்துவிட்டால் யாரும் காரைத் தொடமாட்டார்கள் என்பது அவனுடைய ஞானம். முன் இருக்கையில் இருந்த ஒரு அன்ரி திரும்பிப் பார்த்து, "தம்பி, பஸ்ஸின்ரை சில்லைக் கழட்டிக்கொண்டு வந்திட்டீரோ, பிறகு றைவர் என்னத்தைப் பிடிக்கிறது?" என்று கேட்டா. பஸ் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் சில்லை இறுக்கிப் பிடித்த பிடியை விடவில்லை. அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

ஸ்ரொக் கார் வெளியே பார்த்தால் தெருவில் ஓடுகிற கார் மாதிரித்தான் இருக்கும். உள்ளே ஒற்றை இருக்கை, அதைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு. ஓட்டுகிறவனைத் தோளிலும் இடுப்பிலும் வாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அவனால் தலையைத் திருப்ப முடியாது. பக்கத்தில் யார் வருகிறான், இடம் இருக்கிறதா என்று உயரத்தில் நின்று பார்த்து றேடியோவில் சொல்ல ஒருவன் வேண்டும். அவனுக்கு ஸ்பொட்டர் என்று பேர். யூட்டுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வசதியில்லை. நான் சும்மா கிடைத்தேன்.

எங்கள் றேடியோ முழுக்கத் தமிழ்தான். "உள்ளுக்கை ஒருத்தன்", "வெளியாலை ஒருத்தருமில்லை", "இப்ப விலத்து". முதல் பந்தயத்தில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். "ஐயோ வாறான்ரா, இடிக்கப்போறான்ரா!" ஓடி முடித்து வந்து ஹெல்மெற்றைக் கழற்றினான். கோபப்படுவான் என்று பார்த்தால் சாதாரணமாகச் சொன்னான்: "மச்சான், இருக்கிறதைச் சொல்லு. உன்ரை பயத்தைச் சொல்லாதை. பயம் என்னட்டைத் தேவையான அளவு கிடக்கு." அந்தப் பேச்சை இருபது வருஷம் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. கடைசியாகக் கேட்டது இந்தப் பங்குனியில், ஆஸ்பத்திரியில்.

முதல் வருஷம் அவன் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. பாதிப் பந்தயங்களில் கடைசி. "முதலிலை ஓடி முடிக்கவேணும். முந்துறதைப் பிறகு பாப்பம்" என்பான். மற்றவர்கள் ரயரைத் தேய்த்துக்கொண்டு வளைவுக்குள் பாய, இவன் ஒவ்வொரு சுற்றிலும் பிறேக்கை எங்கே பிடிக்கலாம் என்று அளந்துகொண்டிருப்பான். எனக்குப் பொறுமை போய்விடும். "நீ என்ன, தேர் இழுக்கிறியோ?" என்று றேடியோவில் ஏசுவேன். இரண்டாம் வருஷம் ஆனி மாதத்தில் அந்த அளவெல்லாம் கணக்காக வந்தது. ஒன்று வென்றான், பிறகு அடுத்தடுத்து இரண்டு. ஆவணி முடியும்போது புள்ளிப் பட்டியலில் அவன்தான் முதலாவது. இன்னும் மூன்று பந்தயங்கள். அவற்றை ஒழுங்காக ஓடி முடித்தால் சாம்பியன்.

இவ்வளவும் அவனுடைய அம்மா றோசலின் அன்ரிக்குத் தெரியாமல் நடந்ததென்று நினைக்காதீர்கள். அன்ரிக்கு முதலில் சனிக்கிழமைகளில் ஓவர்ரைம் என்று பொய் சொன்னான், சாட்சி நான். ஒருநாள் அன்ரி அவனுடைய கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது ஸ்ரியறிங் சில்லை இழுத்தெடுத்துவிட்டா. "ஓவர்ரைமுக்கு உது எதுக்கு?" என்று ஒரே கேள்வி. இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றோம். அன்ரியின் கணவர் மன்னாரில் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். இங்கே வந்த புதிதில் பார்க்டேலில் ஒற்றை அறைக்குள் இரண்டு பிள்ளைகளை வைத்து வளர்த்த மனிசி. ஒரு கிழமை அவனோடு பேசவில்லை. பிறகு, "ஓடு. ஆனால் எனக்குச் சொல்லிப்போட்டு ஓடு" என்றா.

அந்தக் கடைசி மூன்று பந்தயங்களுக்கு முன்னால் அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டா. தேத்தண்ணி தந்துவிட்டு ஒரு சின்னப் பையை என் கையில் வைத்தா. உள்ளே செபமாலை. கபில நிற மர மணிகள், கை பட்டுப் பட்டு மினுங்கிப்போனவை. கணவர் வாங்கிக் கொடுத்தது. "இதை அவன்ரை காருக்குள்ளை கட்டிவிடு, மோனை. அவனுக்குச் சொல்லாதை. சொன்னால் கழட்டிப்போடுவான்."

காருக்குள் தளர்வாக எதுவும் இருக்கக்கூடாது என்பது பந்தயத்தின் சட்டம். கார்களைச் சோதிக்கிற கொட்டில் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களின் எந்தக் காரில்தான் ஒன்றும் தொங்கவில்லை, சொல்லுங்கள். என் வான் வண்டியில் பிள்ளையார் இருக்கிறார். ஒன்றுமே இல்லாமல் கார் எடுக்கிறவனை நாங்கள் விசரன் என்போம். அந்த மனிசியின் முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை, சோதனை முடிந்த பிறகு, யூட் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து இருக்கைக்குப் பின்னால் இருந்த குழாயில் அதைக் கட்டினேன். கட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்படி ஒரு மடையன் நான்.

பன்னிரண்டாவது சுற்றில் ஒருவன் பின்னால் இடித்தான். பெரிய இடி இல்லை. வழக்கமாக விழுகிற இடிதான். அடுத்த வளைவுக்கு முன்னால் றேடியோவில் யூட்டின் குரல் கேட்டது. "சிவா, காலுக்கை என்னவோ உருளுது." எனக்கு விளங்கிவிட்டது. மாலையின் நூல் அறுந்திருக்கிறது. வேகத்தைக் குறைக்க, மணிகள் முன்னுக்கு உருண்டு பிறேக்கை மிதிக்கிற சப்பாத்துக்குக் கீழே போயிருக்கின்றன. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கார் வளைவில் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதியது.

தோள் எலும்பு முறிந்திருந்தது. ஸ்ரெச்சரில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். நடுவர் ஒருவர் உள்ளங்கை நிறைய மணிகளோடு வந்தார். "இதை உள்ளே கட்டியது யார்? கட்டியவன் இனி இந்த வாசலுக்குள் வரமுடியாது" என்றார். நான் அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். யூட் என்னைப் பார்த்தான், மணிகளைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாத மணிகளா? "நான்தான் கட்டினேன்" என்றான், தெளிவான ஆங்கிலத்தில். என்னை வாசலுக்கு வெளியே தள்ளவிடாமல் காப்பாற்றிவிட்டான். ஓட்டுநர் என்பதால் அவனுக்கு எஞ்சிய பந்தயங்கள் ஓடத் தடை மட்டும் விழுந்தது. அதோடு சாம்பியன் பட்டமும் போயிற்று. நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அம்புலன்ஸில் ஏற்றும்போது ஒன்றுதான் கேட்டான். "அம்மா தந்ததோ?" "ஓம்" என்றேன். "அம்மாவுக்கு உண்மை தெரியக்கூடாது, மச்சான். செபமாலைதான் காப்பாத்தினது எண்டு நினைக்கட்டும்."

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்ரி அவனுடைய நெற்றியில் சிலுவை போட்டு, "மாதா காப்பாத்திப்போட்டா" என்றா. நாங்கள் இருவரும் ஓம், ஓம் என்று தலையாட்டினோம். இனி ஓடாதே என்று சொல்லப்போகிறா என்று பயந்துகொண்டிருந்தோம். அன்ரி சொல்லவில்லை. தோள் சுகமானதும், "காரைத் திருத்துறதுக்கு ஆள் பிடிச்சிட்டியோ?" என்று தானாகவே கேட்டா. மணிகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தோம். ஒன்று குறைந்தது. அந்த இடத்தில் ஒரு வெள்ளை மணியை வைத்துக் கோத்துக்கொண்டா. அதற்குப் பிறகு அதைக் காரில் கட்டச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. இன்னொரு தரம் அறுந்தால் தாங்கமாட்டா என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் சாம்பியன். பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அவன் வென்ற கிண்ணத்தை அன்ரி ஃபிறிட்ஜுக்கு மேலே வைத்து அதற்குள் கருவேப்பிலை போட்டு வைத்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

பங்குனியில் அவனைப் பார்க்கப் போனேன். புற்றுநோய் வருத்தம் ஈரலில் இருந்து எல்லா இடமும் போயிருந்தது. நாற்பத்தெட்டு வயது மனிதன் ஒரு பிள்ளை மாதிரிச் சுருங்கிக் கிடந்தான். "எப்பிடி இருக்கிறன்?" என்று கேட்டான். "பரவாயில்லை, தேறி..." என்று தொடங்கினேன். "எடேய், இருக்கிறதைச் சொல்லு." "நல்லா இளைச்சுப்போனாய், மச்சான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவன் திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு சொன்னான்: "அந்த மாலைக் கதையை அம்மாவுக்குச் சொல்லிப்போடு. அவவுக்குப் பொய் சொல்லிப்போட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எனக்கு வாய் வருகுதில்லை. நீ சொல்லு." சொல்கிறேன் என்று கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். மூன்று கிழமை ஒவ்வொரு நாளும் அன்ரியைக் கண்டேன். சொல்லவில்லை. அவன் போய்விட்டான்.

ஸ்காபரோவில் அவனைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், சனம் வருவதற்கு முன்னால் அன்ரி என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டா. எண்பத்தொரு வயது. கையில் அதே மாலை, நடுவே அந்த வெள்ளை மணி. "என்ரை கை நடுங்குது. நீ அவன்ரை கையிலை சுத்திவிடு, மோனை. அண்டைக்கும் நீதானே கட்டினனீ" என்றா.

இனியும் வாயைத் திறக்காவிட்டால் நான் மனிதனே இல்லை. "அன்ரி, அண்டைக்கு இது காப்பாத்தேல்லை. இதாலைதான் அவன் இடிச்சவன். மணி காலுக்கை போனது. நான் கட்டினது. அவன் என்ரை பிழையைத் தான் எடுத்தவன்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

அன்ரி என்னைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றா. "எனக்குத் தெரியும்" என்றா. "தடை போட்ட காகிதம் வீட்டுக்குத்தானே வந்தது. அதிலை மணியைப் பற்றி எழுதியிருந்ததை றெஜினா வாசிச்சுச் சொன்னவள். நீங்கள் ரெண்டுபேரும் எனக்கு முன்னாலை ஓம், ஓம் எண்டு தலையாட்டினதைப் பாக்க எனக்குப் பாவமாய்க் கிடந்தது. அதுதான் ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப ஏன் அன்ரி அவனைத் திரும்பவும் ஓட விட்டனீங்கள்?"

"என்ரை மணியாலை விழுந்த பிள்ளை. அவனை நான் எப்பிடி மறிக்கிறது?"

அதற்குப் பிறகு இருவரும் அழுதோம். அழுது முடித்து, மாலையை அவனுடைய விரல்களில் மூன்று சுற்றுச் சுற்றினேன். அவிழாதபடி இறுக்கிச் சுற்றினேன். அன்ரி இழுத்துப் பார்த்துச் சரி என்றா.

மாலையில் குறைந்த அந்தக் கபில நிற மணி என்னிடம்தான் இருந்தது. உடைந்த காரைப் பிரித்தபோது இருக்கையின் ஆணிக்கு அடியில் இருந்து எடுத்தேன். திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்தேன். அன்றைக்கு அதையும் எடுத்து நீட்டினேன். அன்ரி வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டா.

"உது உன்னட்டை இருக்கட்டும்" என்றா. "ஆனால் மோனை, லொறிக்குள்ளை கட்டித் தொங்கவிட்டிடாதை."