எழுத்து தெரியும் பக்கம்

குடிநீர்த் துறையின் தலைமை அலுவலகத்தில் தடை தாண்டும் வீராங்கனைக்கு ஒதுக்கியிருந்த இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இடப்பக்கம் சுவர். பின்னால் கம்பி போட்ட ஜன்னல். முன்னால் மேஜை. வலப்பக்கம் அவள் வாங்கிய கோப்பைகளை அடுக்கிய கண்ணாடி அலமாரி. மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவே மிச்சமிருந்த சந்தில் தட்டச்சர் அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆக, நாடே பார்க்கப் பத்துத் தடைகளைத் தாண்டி முதலாவதாக வந்த பெண், பாத்ரூம் போவதற்கு, "கொஞ்சம் நகருங்கக்கா" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அக்காவும் நகர்வார். வரியை அடித்து முடித்த பிறகு.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சாம்பியன், அந்த ஃபைலை எடுங்க." "சாம்பியன், பஞ்ச் மெஷின் உங்ககிட்டயா இருக்கு?" வெளியாட்கள் வந்தால் தலைமைப் பொறியாளர் முதலில் அலமாரியைக் காட்டுவார். பிறகு அவளைக் காட்டுவார். தூசு தட்டும்போதும் அலமாரிக்குத்தான் முதலிடம்; அதைத் தட்டுவது அவள் வேலை.

இந்த நிலைக்கு அவள் உயர்ந்த கதை சுருக்கமானது. பள்ளியில் மணி அடித்த பிறகு வந்தாள். வாசல் பூட்டியிருந்தது. மதிலைத் தாண்டி உள்ளே குதித்தாள். பார்த்துவிட்ட விளையாட்டு ஆசிரியர் தண்டனையாக மைதானத்துக்கு அனுப்பினார். அந்தத் தண்டனை இன்னும் முடிந்தபாடில்லை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று தாண்டிக்கொண்டே போனாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலை வந்தது. உள்ளே போவதற்குத் தாண்டக் கற்றவள் அவள். வெளியே வருவதற்கு எப்படித் தாண்டுவது என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தரவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது, இடது முழங்காலுக்கு அறுபது. கணவரும் மகளும் தூரத்து ஊரில். அங்கே அரசு விளையாட்டுப் பள்ளியில் பயிற்சியாளர் வேலை ஒன்று அவளுக்காகவே காத்திருந்தது, மாதக் கடைசி வரைக்கும். துறை விடுவித்தால் போதும். விடுவிக்காமல் போனால் வேறெந்த அரசு வேலையிலும் சேர முடியாது. இதைக் கேட்க அவள் தலைமைப் பொறியாளர் முன்னால் நின்றபோது அவர் கண் கலங்கினார்.

"நான் என்ன கல்நெஞ்சக்காரனா? நம்ம துறையிலயே ஒரு பொண்ணு உங்களை முந்தட்டும். அன்னிக்கே அனுப்பிடறேன்."

"வேற துறைக்காரங்க முந்தினா சார்?"

"வாலிபால் கேப்டன் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. போன வருடம் தோற்ற வாலிபால் கேப்டன் இப்போது ஏதோ மலையடிவார நீரேற்று நிலையத்தில் மீட்டரின் முள் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எனவே சொந்தத் துறைக்குள் ஒருத்தி வேண்டும். கடவுள் போல வந்து சேர்ந்தாள் புதிதாக வேலைக்கு வந்த மீட்டர் ரீடர் பெண். இருபத்துமூன்று வயது. வீடு வீடாக ஓடி, நாய்களிடம் கடி வாங்காமல் கணக்கெடுத்த கால்கள். தடைகளை அவள் தாண்டுவதில்லை, இடித்துத் தள்ளிக்கொண்டு போவாள். பயிற்சியில் பாதித் தடைகள் மல்லாந்து கிடக்கும். ஆனால் வேகம். வாயும் வேகம்தான்.

"அக்கா, இந்த வருஷம் என் பின்னாலயே வந்துடுங்க. வெயிலுக்குக் காத்தாவது வரும்."

"உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்டி தங்கம்" என்றாள் சாம்பியன். ஒரு போட்டியாளரை இவ்வளவு பாசமாகப் பார்த்த வீராங்கனை சரித்திரத்தில் இல்லை.

போட்டிக்கு முந்தின நாள் மகள் போன் செய்தாள். "அம்மா, நாளைக்குத் தோத்துடுவியா?"

"கண்டிப்பா தோத்துடுவேன் கண்ணு."

"சத்தியமா?"

பின்னாலிருந்து கணவர் குரல் கேட்டது: "உங்கம்மாவுக்கு அதெல்லாம் வராதுடா."

அந்த ஆண்டு துறைகளுக்கிடையிலான போட்டியை நடத்துவது குடிநீர்த் துறை. தலைமைப் பொறியாளர் ஒவ்வொரு தடைப் பலகையிலும் துறையின் பெயரை நீல பெயின்டில் எழுத வைத்திருந்தார். ஒரு பக்கம்தான் எழுத்து. ஓடி வருகிறவர்களுக்குத் தெரிகிற பக்கம். அன்று காலை, தலைமை தாங்க வரும் அமைச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவருக்கு விபரீதம் புரிந்தது. நாற்காலி முடிவுக்கோட்டில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பலகையின் மொட்டை முதுகு. உடனே ஆணை பிறந்தது. குழாய் பொருத்தும் ஆட்கள் அத்தனை தடைகளையும் ஒழுங்காகத் திருப்பி வைத்தார்கள்.

தடையின் கால்கள் ஓடி வருகிறவரைப் பார்த்து நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் முழங்கால் பட்டால் பலகை சாயும். ஆள் ஒரு சிராய்ப்போடு போய்விடுவாள். திருப்பி வைத்தால் பலகை சாயாது. ஆள் சாய்வாள்.

தொடக்கக் கோட்டில் நின்ற சாம்பியன் அதைப் பார்த்துவிட்டாள். கையை உயர்த்திக் கூவினாள். தலைமைப் பொறியாளர் ஓடிவந்தார்.

"சார், தடையெல்லாம் திரும்பி இருக்கு."

"அமைச்சருக்கு நல்லாத் தெரியுதும்மா."

"எங்களுக்கு ஆபத்து சார்."

"நீங்க என்ன, அதைப் படிக்கவா போறீங்க? தாண்டத்தானே போறீங்க? தாண்டறவங்களுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பொறியாளர் அமைச்சரைப் பார்த்தார். பேச்சு முடிந்தது.

சாம்பியன் பக்கத்துத் தடத்துக்குத் தலையை நீட்டினாள். "ஏய், இன்னிக்கு இடிச்சிடாத. நல்லாத் தூக்கித் தாண்டு. இடிச்சா விழாது."

"ஓடறதுக்கு முன்னாடி ஆளைக் கலைக்கிறீங்களாக்கா? என்கிட்ட நடக்காது."

"உன் காலுக்காகச் சொல்றேன்டி!"

விசில் ஊதிவிட்டார்கள்.

மீட்டர் பெண் பறந்தாள். முதல் தடை, இரண்டாவது தடை, இரண்டிலும் மயிரிழையில் தப்பினாள். அவளுக்கு அரை அடி பின்னால், வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தாள் சாம்பியன். மூன்றாவதில் முழங்கால் இடித்தது. பலகை அசையவில்லை. பெண் அதன் மேல் மடங்கி, அந்தப் பக்கம் விழுந்தாள். அலறல் கேட்டு மற்ற துறைப் பெண்கள் இருவரும் தங்கள் தடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டார்கள்.

சாம்பியனும் நின்றிருந்தால் போட்டி அங்கேயே ரத்தாகியிருக்கும். ஓடாத போட்டியில் தோல்வியும் இல்லை, மலையடிவாரமும் இல்லை. அந்தப் பெண் குணமானதும் இன்னொரு நாள் ஓடியிருக்கலாம். இதெல்லாம் அவளுக்கு அந்தக் கணமே விளங்கியது. நில் என்று காலுக்குச் சொன்னாள். ஆனால் இரண்டு தடைகளுக்கு நடுவே மூன்றே எட்டு, அடுத்தது தாண்டல். இருபது வருடமாக அந்தக் கால்கள் வேறெதுவும் கேட்டதில்லை. தடைக்கு முன்னால் நிற்பது எப்படி என்று அவற்றுக்குத் தெரியவே தெரியாது. நான்காவதைத் தாண்டின. ஐந்தாவதைத் தாண்டின. அவள் "ஐயோ ஐயோ" என்று சொல்லிக்கொண்டே பத்தையும் தாண்டி, நெஞ்சால் நாடாவை அறுத்துக்கொண்டு போனாள். பிறகுதான் திரும்பி ஓடினாள். அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேலிருந்து தலைமைப் பொறியாளரின் குரல் கேட்டது.

"பாத்தீங்களா சார், தனியா ஓடினாலும் முழுசா ஓடறாங்க! இப்படிப்பட்டவங்களை எப்படி அனுப்ப முடியும்?"

அவளை எங்கும் அனுப்பக் கூடாது என்று அமைச்சர் மேடையிலேயே அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"தோத்துட்டியாம்மா?" என்றாள் மகள் போனில்.

"இல்லடா. ஜெயிச்சுட்டேன்."

"பரவாயில்லம்மா. அழாத. அடுத்த தடவை நல்லா முயற்சி பண்ணு."

மாதம் முடிந்தது. பள்ளியில் வேறொருவர் சேர்ந்தார். காலில் மாவுக்கட்டோடு வந்த மீட்டர் பெண்ணுக்குத் துறை பெருந்தன்மையாக உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தது. தட்டச்சர் அம்மாளை மாடிக்கு அனுப்பிவிட்டு, அந்தச் சந்திலேயே. மாவுக்கட்டுக் காலை அவள் ஒரு ஸ்டூலின் மேல் குறுக்கே நீட்டியிருந்தாள். முழங்கால் உயரம்கூட இருக்காது.

சாம்பியன் எழுந்து அதன் முன்னால் நின்றாள்.

"தாண்டிப் போங்கக்கா. உங்களுக்கு இதெல்லாம் ஒரு உயரமா?"

"காலை எடும்மா."

"வலிக்குதுக்கா. சும்மா தாண்டுங்க."

சாம்பியன் காலைப் பார்த்தாள். அலமாரியில் புதிதாக ஏறியிருந்த கோப்பையைப் பார்த்தாள். நின்றாள். இப்போது நன்றாகவே நிற்க முடிந்தது.

"மெதுவா எடு. ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.