மலையடிப்பட்டிக்குப் போகாத சின்னத்தாய்

சின்னத்தாயின் மகள் வேல்விழி இருக்கிற அமெரிக்க மாநிலத்துக்கு மாசச்சூசெட்ஸ் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் சின்னத்தாயை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டார்கள். 'மாச' என்று தொடங்கினால் 'சூசெ'யில் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். கடைசியில், அதற்கு அர்த்தம்தான் என்ன என்று மகளிடமே போனில் கேட்டாள்.

"அங்கன முதல்ல இருந்த பூர்வகுடிச் சனங்க வச்ச பேரும்மா. பெரிய மலைக்குப் பக்கத்துலன்னு அர்த்தம்."

"இதைச் சொல்ல இம்புட்டு நேரமா? மலையடிப்பட்டின்னு சொல்லிட்டுப் போவியா!"

அன்றிலிருந்து அது மலையடிப்பட்டிதான். அவள் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியின் வேனில் கூட வருகிற பெண்களும் அந்த ஊரை அப்படித்தான் சொன்னார்கள். "மலையடிப்பட்டியில பனி விழுதா?" என்று யாராவது கேட்டால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஏதோ ஊர் போலிருக்கிறது என்று இருந்துவிடுவார்கள்.

சின்னத்தாய் பிறந்தது வெம்பக்கோட்டைப் பக்கம். மழை பெய்தால் களையெடுக்கப் போவார்கள், பெய்யாவிட்டால் பட்டாசு கம்பெனிக்குப் போவார்கள். மழை எங்கே பெய்தது? கல்யாணமும் அதே கம்பெனியில் வேலை பார்த்த சங்கிலிமுத்துவோடுதான் நடந்தது. வேல்விழி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், வெடிமருந்து கலக்குகிற அறை வெடித்து அவன் போய்ச் சேர்ந்தான். முகத்தைக்கூடக் காட்டவில்லை, துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். காரியம் முடிந்ததும் சின்னத்தாய் மறுபடி பட்டாசு வேலைக்கே போனாள். வேறு எங்கே போவாள், பாவம்? மகளை மட்டும் கம்பெனி வாசலை மிதிக்க விடவில்லை. மருந்து வாடை இல்லாத ஊராகப் பார்த்துப் போய்விடு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள்.

படித்து முடித்து அமெரிக்காவில் மருந்துக் கம்பெனியில் வேலை என்று மகள் சொன்னபோது, இவள் பதறிப்போய்க் கேட்டாள்.

"ஏட்டி, அங்கயும் மருந்தா?"

"இது காச்சலுக்குக் குடிக்கிற மருந்தும்மா! இந்த ஸ்டேட்ல பட்டாசுக்கே தடை. யாரும் வீட்டுல ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்தக் கூடாது. சுதந்திர தினத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி ஆத்தங்கரையில வாணம் விடுவாக, அம்புட்டுத்தான்."

சின்னத்தாய் மறுநாள் வேன் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மாரிக்கனி, "எல்லாரும் அப்படியே சட்டம் போட்டா நம்ம பொழப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். அதைப் பற்றிச் சின்னத்தாய்க்குக் கவலை இல்லை. மகள் உயிரோடு இருப்பாள், அது போதும்.

வேல்விழி தன்னோடு படித்த முனியராஜைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் அங்கேதான் வேலை. உண்டானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பிரசவத்துக்கு நீ வந்திரும்மா. நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்." சின்னத்தாய்க்கு அதன்பின் வேறு நினைப்பே இல்லை.

சிவகாசியில் பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுத்துக் கொடுக்கிற பால்பாண்டியிடம் போனாள். நல்ல பையன். அந்த நல்லதனம்தான் வினையாகப் போயிற்று.

"அத்தே, ரெண்டு விசயம். மக இருக்க ஸ்டேட்டைப் பத்திக் கேட்டா முழிக்கக் கூடாது, நல்லாப் படிச்சுக்கோங்க. இன்னொன்னு, பட்டாசுன்னு வாயத் தொறந்திராதீக. வெடிமருந்துல கை வைக்கிற ஆளுன்னு தெரிஞ்சா ஏரோப்பிளேன்ல ஏத்துவாகளா? வீட்டுல சும்மா இருக்கேன்னு எழுதிருவோம்."

அப்புறம் தினமும் சாயங்காலம் மகளிடம் பாடம். இங்கிலாந்திலிருந்து பிழைக்க வழி தேடிக் கப்பலில் வந்தவர்கள் முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் செத்துப்போன கதை. மிச்சமிருந்தவர்களுக்கு, மீனை எருவாகப் புதைத்துச் சோளம் போட அந்த மண்ணின் சனங்கள் கற்றுக்கொடுத்த கதை. பின்னால் வந்தவர்கள் அந்தச் சனங்களையே அடித்து நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றபோது, சின்னத்தாய் போனிலேயே காறித் துப்பினாள். "சோறு போட்டவன் தலையிலயா கை வச்சான்?" சேலம் என்று அங்கேயும் ஓர் ஊர் உண்டு. அங்கே சூனியக்காரி என்று பழி போட்டுப் பலரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள், அதில் புருஷனை இழந்தவளும் பிச்சையெடுத்தவளும் இருந்தார்கள் என்று மகள் சொன்னாள். அதை மட்டும் சின்னத்தாய் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். தாலியறுத்தவள் என்று கல்யாண வீடுகளில் ஓரமாக நிறுத்தப்பட்டவள் அல்லவா?

பாஸ்டன் துறைமுகத்தில், வரி போட்ட இங்கிலாந்து ராஜா மேல் இருந்த கோபத்தில் ஊர்க்காரர்கள் பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டியதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. குளிருக்கு அடங்கிக் கிடந்த பையன்களுக்காக ஒரு வாத்தியார் பழக்கூடையைச் சுவரில் மாட்டிவைத்துப் பந்து போட விட்டது, அதுவே கூடைப்பந்து ஆனது, வயலில் தண்ணீர் கட்டி, சிவப்புப் பழங்களை மிதக்கவிட்டு அறுவடை செய்வது எல்லாவற்றையும் வேனில் ஒப்பித்தாள். கதை கேட்டுக் கேட்டு மாரிக்கனிக்கே பாதி மனப்பாடம்.

தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்ட சமயத்தில், விசா கேட்டுச் சென்னையில் இருக்கிற அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர் தன்மையாகத்தான் பேசினார். எத்தனை பிள்ளைகள் என்றார். ஒரே மகள் என்றாள். வீட்டுக்காரர்? இல்லை. சொந்த வீடு, நிலம்? அதுவும் இல்லை.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"சும்மாதான் இருக்கேன்யா."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இந்தத் தீபாவளி வரை உழைத்த உழைப்பு அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

"அப்போ, நீங்க திரும்பி வர்றதுக்கு இங்கே என்ன இருக்கு?"

வேனில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு, அவள் வரவில்லையென்றால் வேலை நின்றுபோகும், சீசனுக்கு முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். எதையும் சொல்ல முடியாது, எல்லாமே பட்டாசு. விசா இல்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டினார்.

"ஐயா, அந்த ஸ்டேட்டைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே? கப்பல்ல வந்த கதையச் சொல்லட்டுமா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"வேலை இருக்குன்னு சொல்லியிருந்தா ஒருவேளை விட்டிருப்பாகம்மா," என்று அன்று மகள் அழுதாள். மறுபடி மனுப் போட்டுக் காத்திருந்தார்கள், நாள் கிடைக்கவில்லை.

தை பிறந்தது. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாட்ச்மேன் அறையில் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து போனைக் கையில் வாங்கினால், வரிசையாக மகள் கூப்பிட்டிருந்தாள். இவள் உள்ளே திரி வைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது அந்த அறையில் அடித்திருக்கிறது. வேன் கிளம்ப நின்றது. அதில் ஏறாமல் இவள் திருப்பிக் கூப்பிட்டாள்.

"தாயி, வலி கண்டிருச்சா?"

"பெறந்துட்டான்ம்மா. அவன் அழவே இல்லம்மா. உசுரு இல்லையாம்."

சின்னத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கைகளில் வாங்கியிருக்க வேண்டிய பிள்ளை. மகள் அத்தனை தடவை கூப்பிட்டும் ஒரு வார்த்தை பதில் சொல்ல இவள் இல்லை.

"மாப்ள எங்க?"

"இங்கனதான் இருக்காக. சுவரைப் பாத்துட்டு நிக்காக. நர்ஸெல்லாம் நல்லவுகதான், மெதுவா வந்து வருத்தம் சொல்லிட்டுப் போறாக. யாரும் அழ மாட்டேங்காகம்மா. பக்கத்து ரூம்ல பிள்ளை பெத்தவுக இருக்காக, நான் எப்படிச் சத்தம் போடுவேன்? தொண்டையிலயே நிக்குது. வெளிய வர மாட்டேங்குது."

சின்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காதுல மாட்டுற வயரு இருக்குல்ல? அதை மாட்டிக்கோ. நீ சத்தம் போட வேணாம். நான் அழுறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் மண்ணில் வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அவள் அழுதாள். சங்கிலிமுத்துவுக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. "ஏந்த வேண்டிய கையி இங்கன கெடக்கே, என் ராசா, நீ எங்கன கெடக்க?" என்று கத்தினாள். வேனிலிருந்து மாரிக்கனி இறங்கி ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கி, போனைச் சுற்றி உட்கார்ந்து, பார்க்காத பிள்ளைக்காகப் பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல் அழுதார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் போனுக்குள்ளிருந்தும் அழுகை வந்தது. முதலில் விக்கல் மாதிரி, அப்புறம் வாய்விட்டு.

சின்னத்தாய் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"போனை வச்சிராதம்மா," என்றாள் வேல்விழி.