எலி நுழையாத பாறை

என் மாமனார் இளம் வயதிலிருந்தே ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த மளிகை வியாபாரம் செய்தவர். போன வருடம் குடோனில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கடை மாடியில் தனியாகக் குடியிருந்தவர், இனி அப்படி இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கழக்கூட்டத்தில் எங்கள் வாடகை பிளாட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த நாளிலிருந்து ஒரே பல்லவிதான். "மாசம் கழியட்டு மக்களே, நான் கடை மாடிக்கே போயிருதேன்." அந்த மாடிப்படி செங்குத்தானது. போனால் மறுபடி விழுவார், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்று எங்களுக்கு. இன்னொன்றில் என் ஆபீஸ் மேசை, இரண்டு மானிட்டர்கள், மீட்டிங் நேரத்தில் யாரும் இருமக்கூடக் கூடாது என்கிற என் அதிகாரம். மாமாவுக்கு ஹாலில் கட்டில். ஃபேன் காற்று நன்றாக வரும், பாத்ரூம் பக்கத்தில், டிவி எதிரில் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம்.

அதே ஹாலில்தான் என் கடல்நீர்த் தொட்டியும் இருந்தது. பவளம் வளர்க்க வேண்டும் என்பது என் பல நாள் கிறுக்கு. அதற்கு முதலில் பாறை அடுக்க வேண்டும். மணல் போடுவதற்கு முன்பே அடிக்கண்ணாடி மேல் பாறையை உட்கார வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மீன் மணலைத் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும். பிறகு உப்புத் தண்ணீர் ஊற்றிச் சில வாரம் சும்மா விட வேண்டும். அப்புறம்தான் மீன், கடைசியில் பவளம். நான் கடற்பஞ்சுபோல ஓட்டை நிறைந்த காய்ந்த பாறைகளைக் கழுவிக் காய வைத்திருந்தேன். ஒரு குகையும் ஒரு வளைவும் கட்டுவதாகத் திட்டம்.

"நான் அடுக்கட்டா?" என்று மாமா கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. எப்படி மாட்டேன் என்பது? எனக்கு மீட்டிங் வேறு இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன்.

வெளியே வந்து பார்த்தால் தொட்டிக்குள் ஒரு மதில் நின்றது. குடோனில் மிளகாய் மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போடுவதுபோல, பெரிய கல்லை அடியில் வைத்து, ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பொருத்தி, இடுக்கிலெல்லாம் சில்லுகளைச் செருகியிருந்தார். ஒட்டுவதற்குப் பசையே தேவைப்படவில்லை. கையால் அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

"ஒரு எலி கேற எடம் இல்ல, பாத்தியா?" என்றார்.

குடோனில் இடுக்கு விட்டால் எலி வரும், சரக்கு போகும். மீன்தொட்டியில் இடுக்குதான் வீடு. இடுக்கில்தான் தண்ணீர் ஓட வேண்டும், மீன் ஒளிய வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்று வாயே திறக்கவில்லை. இரவு மாமா கூடுதலாக இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "அப்பாவ சிரிச்சுப் பாத்து எத்தன நாளாச்சு, அது அப்படியே இருக்கட்டும்" என்று கணவர் கெஞ்சினார். மதிலைச் சுற்றி மணலும் தண்ணீரும் சேர்ந்தன.

வாரங்கள் கழித்து ஒரு பிளென்னி வாங்கி விட்டேன். பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். உச்சந்தலையில் கண்கள், எந்நேரமும் குற்றம் கண்டுபிடிக்கிற முகம். பொந்துக்குள் உடலை நுழைத்துத் தலையை மட்டும் நீட்டி உலகத்தைப் பார்ப்பது அதன் வழக்கம். இங்கே பொந்து ஏது? மதிலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அலைந்தது. கடைசியில் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாருக்குப் பின்னால் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. நிறம் வெளிறியது. எதைப் போட்டாலும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பொறுமை போய்விட்டது. கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டு மதிலைப் பிரிக்க ஆரம்பித்தேன். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு மக்களே இளக்குத? நல்லாத்தானே நிக்கி?"

"நல்லா நின்னு என்ன மாமா? அதுக்கு மறைவா ஒரு எடம் வேண்டாமா? இருபத்திநாலு மணிக்கூறும் எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தா அது எப்படித் திங்கும், எப்படி ஒறங்கும்?"

குரல் உயர்ந்துவிட்டது. கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மாமா தொட்டியைப் பார்த்தார். பிறகு தன் கட்டிலையும், அதன் மேல் கலைந்து கிடந்த போர்வையையும் பார்த்தார்.

"அது செரிதான்" என்றார் மெதுவாக. "எனக்கும் இங்க ஒறக்கம் வரல்ல, கேட்டியா."

கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். எந்தக் கல்லை எடுத்தால் எது சரியும் என்று மட்டும் சொன்னார். குகை அமைந்ததும், "பின்னால ஒரு வழி விடு, வெரட்டினா ஓடாண்டாமா?" என்றார். விட்டேன். மத்தியானத்துக்குள் பிளென்னி உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் நானும் கணவரும் பேசிக்கொள்ளாமலே என் மேசையை ஹாலுக்கு இழுத்தோம். மாமாவின் கட்டில் அறைக்குள் போனது. "ஒனக்கு மீட்டிங் உண்டே" என்று அவர் தடுத்துப் பார்த்தார். தொட்டி மோட்டார் சத்தத்தோடு பேசிப் பழகிக்கொள்கிறேன் என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் "செரி, நான் கெடக்கட்டு" என்று அறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்து தாழ்ப்பாள்.

கணவர் பதறி எழுந்தார். "உள்ள பூட்டிக்கிட்டாரே, விழுந்துட்டா என்ன செய்யது?"

"ஒடச்சுக்கலாம்" என்றேன். "பேசாம உக்காருங்க."